இடப்புறம் சுழன்ற உருளை

மனிதர்களிடம் பேச எனக்கு எப்போதும் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஒரு டாக்டர் குடும்பத்துக்குச் சமையல்காரனாக மாண்ட்ரியலுக்கு வந்தேன். பிறகு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கிடைத்தது. ஆனாலும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் டாக்டர் வீட்டுக் கீழ்த்தள அறையை விட்டுப் போகவில்லை. நாற்பதைத் தாண்டியபின் பழைய போலீஸ் ரிவால்வர்கள்மேல் ஆசை வந்தது. முனைக்கடைக்குக் காபி வாங்க வரும் போலீஸ்காரர்களின் இடுப்பைத்தான் நான் பார்ப்பேன். முகத்தைப் பார்த்தால் பேச வேண்டிவரும்.

செயின்ட்-மிஷேலில் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. ஸ்கேட்டுகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே கண்ணாடிக்குள் சில ரிவால்வர்கள் கிடக்கும். முதலாவதை அங்கேதான் வாங்கினேன். காகித வேலைகளையெல்லாம் கடைக்காரக் கிழவரே பார்த்துக்கொண்டார். பக்கத்திலிருந்த சின்னத் தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்தால் தோட்டா வைக்கும் உருளை வெளியே சாயும். ஆறு துளைகள், ஆறும் காலி. விடுமுறை நாளில் எண்ணெய் போட்டுத் திறப்பதும் மூடுவதுமே எனக்குப் பொழுதுபோக்கு.

இலையுதிர்காலத்தில் அதே கடையில் இன்னொன்று வந்தது. அதே நீளம், அதே மரப்பிடி, அதே தேய்ந்த நீலம். இரட்டைப் பிள்ளை என்று நினைத்தேன். "இது திறக்காது, துரு பிடித்து இறுகிவிட்டது" என்று கிழவர் தாழ்ப்பாளை இழுத்துக் காட்டினார். நானும் இழுத்தேன். அசையவில்லை. முன்பக்கத் துளைகளில் பழைய கிரீஸ் கறுப்பாக உறைந்திருந்தது. பின்பக்கம் ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தது. அலங்காரத்துக்குப் பித்தளை வளையம் போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு வாங்கிவந்தேன். தோட்டா ஏற்றிய ரிவால்வரை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

அந்த வாரம் ஆயுத பூஜை. டாக்டரின் ஸ்டெதாஸ்கோப், அவர் மனைவியின் தையல் மிஷின், மகளின் புத்தகங்கள் எல்லாம் சாமி படங்களுக்கு முன்னால் இருந்தன. நான் என் தோசைக் கரண்டியோடு நின்றேன்.

"உன் துப்பாக்கிங்களையும் கொண்டாப்பா," என்றார் டாக்டர். "ஆயுத பூஜைன்னு சொல்லி வருஷா வருஷம் தையல் மிஷினுக்குப் பொட்டு வைக்கிறோம். இந்த வருஷமாவது நிஜ ஆயுதம் வரட்டும்."

"சாமி முன்னாடி வைக்கிற சாமானா அது?" என்றார் அம்மா. டாக்டரின் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். "காலியா இருக்கா?"

"காலிதாம்மா. புதுசா வாங்கினது துருப்பிடிச்சுப் போச்சு. தெறக்கவே தெறக்காது."

இரண்டுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார்கள். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று எடுத்து, ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும்.

மறுநாள் காலை மகள் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தாள். அம்மா ஒரு கிழிந்த தலையணை உறையைத் தைத்தார். டாக்டர் அம்மாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "உள்ள வெறும் கோபந்தான் ஓடுது," என்றார்.

"உங்களக் கட்டிக்கிட்டா வேற என்ன ஓடும்?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா வேடிக்கை பாக்கறே? ரெண்டையும் எடுத்து ஒரு இழு இழு. டிக்குன்னு சத்தம் வந்தாப் போதும். சாமிக்கும் திருப்தி."

மூவரும் என்னையே பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அந்தச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

முதல் ரிவால்வரின் விசையை இழுத்தேன். டிக். உருளை வழக்கம்போல வலப்புறம் ஒரு துளை நகர்ந்தது. மகள் கை தட்டினாள்.

இரண்டாவதை எடுத்தேன். துருப்பிடித்ததாயிற்றே, உருளை சுற்றுமா என்று சந்தேகம். அதனால் விசையை இழுக்காமல், பின்னாலிருந்த சுத்தியைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். உருளை நகர்ந்தது. இடப்புறமாக.

"என்னப்பா, இழு," என்றார் டாக்டர்.

நான் அசையவில்லை. இரட்டைப் பிள்ளைகள் என்றால் ஒன்று வலமும் ஒன்று இடமுமாக ஏன் சுற்ற வேண்டும்? இது வேறு கம்பெனியின் சாமான். அப்படியானால் இதன் தாழ்ப்பாளும் வேறு மாதிரியோ? சுத்தியைப் பழைய இடத்துக்கே பையக் கொண்டுவந்தேன். தாழ்ப்பாளை இழுக்காமல் முன்பக்கம் தள்ளினேன். ஒரு தடையும் இல்லாமல், எண்ணெய் போட்டதுபோல உருளை வெளியே சாய்ந்தது.

ஆறு துளையிலும் தோட்டா இருந்தது. நான் அலங்காரம் என்று நினைத்த மஞ்சள் கோடுகள் அவற்றின் விளிம்புகள்தான்.

"அது என்னது?" என்றார் அம்மா. டாக்டர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "நான்தானே இழுன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்." சுவருக்கு அப்பால் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அம்மா சுவரருகே போய், அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். தோட்டாக்களை எடுக்க முயன்றேன், விரல்கள் வழுக்கின. சந்தனம் என்று நினைத்தேன். வியர்வை.

பூஜைத் துணியில் அவற்றைப் போட்டு முடிச்சிட்ட பிறகும் அதன் பக்கத்தில் யாரும் போகவில்லை.

அன்று மதியம் டாக்டர் என்னைக் காரில் கடைக்குக் கூட்டிப்போனார். ரிவால்வரையும் துணி முடிப்பையும் கிழவரின் மேசைமேல் வைத்தேன். என் பிரெஞ்சு போதாது. தாழ்ப்பாளை முன்னால் தள்ளிக் காட்டி, முடிப்பை அவிழ்த்தேன். கிழவர் தோட்டாக்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவரும் இழுத்துத்தான் பார்த்திருந்தார். அவரிடம் அதை விற்றவனும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். கிழவர் போய்க் கடைக் கதவைப் பூட்டினார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த ரிவால்வர்களை ஒவ்வொன்றாக எடுத்து, குழல் யாரையும் பார்க்காதபடி மேசைமேல் வைத்தார். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் இழுத்தும் திறக்காதவற்றை நான் தள்ளித் திறந்தேன். நான் தள்ளியும் திறக்காதவற்றை அவர் வாங்கி இழுத்தார். எல்லாம் திறக்கும்வரை டாக்டர் கோட்டைக்கூடக் கழற்றாமல் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.