டிவைடர் அக்காவும் எதிர் மேஜைக்காரியும்

தாளில் ஏறி இறங்கும் கோட்டில், டிவைடரின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, மறுமுனையைப் பள்ளத்தில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அளக்கிறார். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பெட்டியில் இருந்த அதே டிவைடர். பக்கத்தில் இருக்கும் கணினி கேட்ட மாத்திரத்தில் எண்ணைச் சொல்லிவிடும். "அது சொல்லட்டும். என் கை சொன்னாதான் எனக்கு நம்பிக்கை" என்பார். அலுவலகம் முழுக்க அவருக்கு டிவைடர் அக்கா என்றே பெயர்.

காற்று மண்டலத்தைக் கணக்குகளாகக் கட்டி, முப்பது வருடக் காற்றைக் கணினிக்குள் ஓட விடுவார்கள். அதற்கு மாடல் என்று பெயர். மாடியிலிருந்து பறக்கும் பலூன்கள் அளந்து அனுப்பிய நிஜக் காற்று இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டியதில்லை. நிஜக் காற்று எவ்வளவு துள்ளுகிறதோ, கணினிக் காற்றும் அவ்வளவு துள்ள வேண்டும். அதை ஒப்பிடுவதுதான் அக்காவின் வேலை.

பதினொரு வருடமாக அவரே வளர்த்த மாடல் ஒன்று உண்டு. சராசரியெல்லாம் கனகச்சிதம், தினசரித் துள்ளல் மட்டும் பாதிதான். யாராவது சுட்டிக்காட்டினால், "அடக்கமான புள்ளைய யாராவது குறை சொல்வாங்களா?" என்று மழுப்பிவிடுவார்.

எட்டு மாதத்துக்கு முன் எதிர் மேஜைக்கு ஒருத்தி வந்தாள். முப்பது வயதுகூட இல்லை. காதில் எப்போதும் பாட்டு, மேஜையில் பாதி கடித்த ஆப்பிள். அவளுடைய மாடல் நன்றாகத் துள்ளுகிறது என்று பேச்சு. அன்றிலிருந்து அக்காவுக்கு வயிறு எரிகிறது. அவள் சிரித்தால் பிடிக்கவில்லை, சிரிக்காவிட்டால் திமிர். வீட்டிலும் அவள் புராணம்தான்.

"சாப்பிட உக்காந்ததுலேர்ந்து இது நாலாவது தடவ, அந்தப் பொண்ணு" என்றார் கணவர்.

"எண்ணிக்கிட்டா இருக்கீங்க?" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தார்.

பெரிய கணினியில் அடுத்த ஐந்து வருடத்துக்கு ஒரே ஒரு மாடலுக்குத்தான் இடம். இரண்டையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடும் வேலையை இயக்குநர் அக்காவிடமே கொடுத்தார். "நீங்க போட்டா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்கம்மா."

அக்கா முதலில் மாடிக்குத்தான் போனார்.

"அண்ணே, பலூன் ரீடிங் இந்தக் குதி குதிக்குதே, கருவிக் கோளாறா இருக்குமோ?" குரலில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது.

பலூன்காரர் கயிற்றை விடவில்லை. "கருவி சரியாத்தாம்மா இருந்துச்சு. காத்து அப்படி ஆடுச்சு, நான் என்ன பண்றது?"

இறங்கி வந்து இரண்டு தாள்களை விரித்தார். ஒன்று மாதச் சராசரி. அதில் துள்ளலெல்லாம் அமுங்கி, அவள் கோட்டைவிட அக்காவின் கோடு நிஜக் காற்றுக்கு ஒரு நூல் நெருக்கமாக நின்றது. அதை மட்டும் அனுப்பினாலும் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மற்றது தினசரித் தாள்.

எதிர் மேஜைக்காரி காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள். "அக்கா, என்னோடது தேறுமா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

அக்காவாம், அக்கா. மாதத் தாளை இழுப்பறையில் போட்டு மூடினார். தினசரித் தாளில் நிஜக் காற்றின் பெரிய துள்ளலுக்கு டிவைடரை விரித்து, விரிப்பு கலையாமல் அவள் கோட்டுக்குத் தூக்கி வந்தார். இரண்டு முனையும் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆறாவது இடத்திலும் அப்படியே. அக்கா அழுத்தினார். முனை தாளைத் துளைத்துக்கொண்டு மேஜைப் பலகையில் இறங்கியது. அதைப் பிடுங்காமலே தாளின் சுருக்கத்தை நீவிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.