தேவகியை ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை

தொடர்கதை எழுதுவதில் வில்லன் சுலபம், கொடுமைக்கார மாமியார் அதைவிடச் சுலபம், கேட்கிறவர்களுக்கெல்லாம் பிடித்துப்போகிற ஒரு பெண்ணை எழுதுவதுதான் பேஜாரு. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், ஏற்கெனவே தலையைப் பிய்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

நான் பிளஸ் டூவோடு படிப்பை விட்டவள். திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் வேலை. ஒரு மெத்தைக் கடையின் மாடி அறையில், போனில் கேட்கிற ஆடியோ தொடர்கதை தயாரிக்கிறோம். நான் எழுதுவேன். ரீட்டா அக்கா கதாநாயகிக்குக் குரல் கொடுப்பார். மீதி வேலையெல்லாம் முதலாளி பிரபு அண்ணன். என் கதாநாயகி பெயர் தேவகி. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவள், பஸ் ஸ்டாண்டு ஓரம் இட்லிக்கடை போட்டுத் தம்பியையும் தங்கையையும் படிக்கவைக்கிறாள். இவளை யாருக்குப் பிடிக்காமல் போகும் என்று தைரியமாக இருந்தேன்.

லாரி ரெடி

கேட்கிறவர்கள் எந்த இடத்தில் வெறுத்துப்போய் நிறுத்துகிறார்கள் என்பதை ஆப்பில் ஒரு கோடு காட்டிக்கொடுத்துவிடும். மேலே போனால் கேட்கிறார்கள், விழுந்தால் ஓடிவிட்டார்கள். தொடர் ஆரம்பித்து மூன்று மாதம் ஆனபோது பிரபு அண்ணன் ஒருநாள் அந்தக் கோட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினார். கொடுமைக்கார அத்தை பேசும்போது கோடு ஜம்மென்று நிற்கிறது. தேவகி வாயைத் திறந்ததும் கிணற்றில் விழுகிறது.

எங்கள் தொழிலில் வேண்டாத பாத்திரத்தைக் கொன்று அனுப்ப ஒரே வழி லாரி. பிரேக் பிடிக்கிற சத்தமும் "அய்யோ" என்று கூட்டம் கத்துகிற சத்தமும் கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கும். அண்ணன் கெடு வைத்துவிட்டார், நாலு எபிசோடுக்குள் தேவகியை ஜனங்களுக்குப் பிடிக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் லாரி. அதற்குப் பிறகு தங்கை கதாநாயகி, அதை எழுத வேறு ஆள். தேவகி போனால் நானும் போனேன் என்று அர்த்தம். "ஏன்ணா பிடிக்கல? அவ என்ன தப்பு பண்ணா?" என்று கேட்டேன். அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தப்பு பண்ணாதான் உக்காந்து கேப்பாங்களேம்மா, இவ வந்தா கரண்ட் போன மாதிரி எழுந்து போயிடறாங்க."

அழுதால் பிடிக்கும் என்று நினைத்தது

அப்போது அந்த வார்த்தை என் மண்டையில் ஏறவில்லை. பாவம் என்று தோன்றினால் பிடித்துப்போகும் என்று கணக்குப் போட்டேன். தேவகியை அழவிட்டேன். அடுப்பு அணைந்ததற்கு அழுதாள், தம்பி திட்டினதற்கு அழுதாள், அப்பா போட்டோவைத் துடைக்கும்போது அழுதாள்.

எழுதுவதற்கென்ன, எழுதிவிடலாம். பேசுகிறவர்தான் செத்தார். ரெக்கார்டிங் அறையில் நாலு பக்கமும் கீழ்க்கடையின் பழைய மெத்தையைச் சாத்தி வைத்திருப்போம், வெளிச்சத்தம் வராது. ஃபேன் போட்டால் அதன் சத்தம் விழும் என்பதால் ஃபேனும் கிடையாது. ரீட்டா அக்கா வியர்வையில் நனைந்துகொண்டு விக்கி விக்கி அழுதார். மூன்றாவது அழுகை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டார். "இவ எந்த இடத்துலதாண்டி அழல, சொல்லு, அங்க நான் கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிறேன்."

பஸ்ஸில் வைத்த பரீட்சை

கோடு இன்னும் ஆழமாக விழுந்தது. எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நிறுத்திவிட்டுப் போகிறவர்களின் முகம் எப்படி இருக்கும்? கோட்டில் முகம் தெரியாதே. அதனால் அடுத்த எபிசோடை, வெளியிடுவதற்கு முன்னால், வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே ஸ்பீக்கரில் போட்டேன். போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்க்கிற மாதிரி பாவனை. பக்கத்தில் ஒரு அம்மா, காலடியில் வேர்க்கடலை மூட்டை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்.

எபிசோடில் அத்தை வந்து தேவகியை வாய் நாறுகிற அளவுக்குத் திட்டுகிறாள், தேவகி அவளுக்கே காபி போட்டுக் கொடுக்கிறாள். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் அந்த அம்மா கேட்டார். பிறகு "யாரு பாப்பா இது, திட்டு வாங்கிக்கினு காபி போட்டுக்கினு கீது?" என்றார். "நல்ல பொண்ணுங்க" என்றேன். அவர் மூட்டையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு யோசித்தார். "எங்க ஊட்டுக்கு மருமவளா வேணா வரட்டும், பஸ்ல பக்கத்து சீட்டுக்கு வேணாம்பா, தூக்கம் வருது."

வீராங்கனை

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லவள் வேண்டாமா, சரி, இந்தா பிடியுங்கள் என்று தேவகிக்கு ஒரு புல்லட் வாங்கிக் கொடுத்தேன். கடைத்தெருவில் ஒருவனை அறைந்தாள். அறைந்துவிட்டு, பெண் என்றால் யார் தெரியுமா என்று மூச்சு விடாமல் பேசினாள். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அறை விழுந்த இடத்தில் பஸ்ஸில் நாலு தலை திரும்பியது உண்மை. வசனம் ஆரம்பித்ததும் நாலும் திரும்பப் போய்விட்டன. இட்லிக்கடைக்காரிக்குப் புல்லட் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அந்த அளவுக்குக்கூட அக்கறை இல்லை. டிக்கெட் போட்டுக்கொண்டே வந்த கண்டக்டர் என் சீட்டருகே நின்றார். "அந்தப் பொண்ண கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லும்மா, எறங்கற ஸ்டாப்பு கேட்டா காதுல வுழ மாட்டுது."

டிபன் பாக்ஸ்

மூன்று எபிசோடு போயாகிவிட்டது. பிரபு அண்ணன் லாரி சத்தத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்த பிரேக் நன்றாக இருக்கிறதென்று. நான் மெத்தையில் சாய்ந்து வேறொன்று யோசித்தேன். நிஜத்தில் எனக்கு யாரைப் பிடிக்கும்? ரீட்டா அக்காவைப் பிடிக்கும். ஏன்? என்னிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசினதில்லை. தியாகமா, மூச்! கோழி கொண்டுவந்தால் சோற்றுக்கு அடியில் புதைத்து, "இன்னிக்கு வெறும் கீரைதான்" என்று அண்ணனிடம் கூசாமல் சொல்வார். நாங்கள் கை கழுவப் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், அன்றைக்கு முழுக்க அவரைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும். இது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசி எபிசோடில் புல்லட்டைப் பிடுங்கிவிட்டேன். தேவகி விடிகாலையிலிருந்து வடை சுடுகிறாள். கடைசியாக ஒரு வடை, ஓரமெல்லாம் முறுகல். அதைச் சட்னிப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறாள். தினமும் வருகிற மகேஷ் வடை கேட்கிறான். மகேஷ் அவளைக் காதலிக்கிறவன், கை நீட்டிக் காசு கொடுக்கும்போதுகூட விரல் படாமல் கொடுக்கிற உத்தமன். அவனிடம் "வடை தீந்துபோச்சுங்க" என்கிறாள். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் முழு வடையையும் வாயில் திணிக்கிறாள். சரியாக அப்போது "தேவகி" என்று கூப்பிடுகிறான். அவள் வாயைத் திறக்க முடியாமல் என்னங்க என்று முனகுவதோடு எபிசோடு முடிகிறது.

சத்தம் நிஜமாக இருக்க வேண்டுமென்று கீழே டீக்கடையில் வடை வாங்கி வந்தேன். ரீட்டா அக்கா காகிதத்தைப் படித்தார். வடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏண்டி, என் டிபன் பாக்ஸ்ல தலைய வுட்டுப் பாத்தியா?" என்றார். ஆனால் அன்றைக்குப் பேசின மாதிரி அவர் பேசினதே இல்லை. வாய் நிறைய வடையோடு "என்...ங்க?" என்று கேட்டதில், ஹெட்போனைப் பிடித்துக்கொண்டிருந்த பிரபு அண்ணனே ஒரு நொடி சிரித்துவிட்டார். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "சிரிச்சேன்னு நெனைக்காத, லாரி லாரிதான்."

கூட்டேரிப்பட்டில் இறங்கியவர்

அன்றைக்கு பஸ்ஸில் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தேன். இதுவும் போனால் அடுத்த மாதம் அம்மா சொல்கிற செருப்புக்கடை வேலைதான். பக்கத்தில் நர்ஸ் யூனிஃபார்மில் ஒரு அக்கா, ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். முன் சீட்டில் ஒரு பெரிய மனிதர், தோளில் துண்டு. இரண்டு பேரும் கேட்பதாகத் தெரியவில்லை.

"வடை தீந்துபோச்சுங்க" வந்தது. நர்ஸ் அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "தேவகி" என்று மகேஷ் கூப்பிட, அவள் வாய் நிறைய முனக, எபிசோடு நின்றது. அதே நேரம் கூட்டேரிப்பட்டு வந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் எழுந்து இறங்கிப் போனார். சரி, இவ்வளவுதான் என்று போனைப் பையில் போட்டேன். கண்டக்டர் விசில் கொடுத்து பஸ் நகர்கிறது, கீழே இருந்து யாரோ தகரத்தைத் தட்டினார்கள். அவர்தான். துண்டு நழுவ, ஜன்னலோடு கூடவே ஓடி வந்து கேட்டார்: "யம்மா, அவன் பாத்துட்டானா, இல்ல அந்தப் புள்ள முழுங்கிடுச்சா?"

கோடு

எபிசோடு வெளியான மறுநாள் மாடியில் மூன்று பேரும் ஒரே போனைக் குனிந்து பார்த்தோம். தேவகி பொய் சொல்கிற இடத்தில் கோடு விழவில்லை. வடையைத் திணிக்கிற இடத்தில் ஏறியிருந்தது. நிறையப் பேர் அதைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். கீழே கமெண்ட்டில் ஒருவர், குடும்பப் பெண் இப்படிப் பொய் சொல்லலாமா என்று பெரிதாக எழுதிவிட்டு, அடுத்தது எப்போது என்றும் கேட்டிருந்தார்.

"தேவகி இருக்கட்டும்" என்றார் பிரபு அண்ணன். நான் ரீட்டா அக்காவைக் கட்டிப்பிடிக்கப் போனேன், "வேர்வை, தள்ளு" என்றார். அண்ணன் மட்டும் விரலை எடுக்காமல் கோட்டை எபிசோடின் ஆரம்பத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் ஓரிடத்தில் அது சரேலென்று இறங்கியிருந்தது. யார் பேசுகிற இடம் என்று பார்த்தோம். மகேஷ். அண்ணன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "இந்த உத்தமன் எதனா ஒளிச்சு வெச்சித் துன்னுவானா, இல்ல லாரிய இட்டாரட்டுமா?"

இத்தனை எபிசோடு ஒருத்தியை இட்லிக்கடையிலேயே நிற்கவைத்து எழுதிவிட்டு, அவளுக்கும் பசிக்கும் என்பதை நாலாவது மாதம் கண்டுபிடித்த நான்தான், மக்களே, இந்த ஊரில் பெண் மனசை எழுதிச் சம்பாதிக்கிறவள்.