நாற்பதாவது நொடி

அலுவலகத்தில் அவளுக்குக் 'கத்தரிக்கோல் அக்கா' என்று பெயர். செல்போனில் ஓடும் குட்டித் தொடர்களை ஜனங்கள் எத்தனை நொடி பார்க்கிறார்கள், எந்த இடத்தில் கைகழுவிவிட்டுப் போகிறார்கள் என்று அளப்பது அவள் வேலை. திரையில் ஒரு கோடு ஓடும். அது சரிகிற இடத்தைக் காட்டி, "இங்க வெட்டுங்க" என்பாள். கோடு பொய் சொல்லாது என்பது அவள் வேதவாக்கு. கதையை மட்டும் பார்க்கவே மாட்டாள்; பார்த்தால் மனசு இளகிவிடுமாம். கதாநாயகி செத்தாளா பிழைத்தாளா என்று பன்னிரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியாது.

வீட்டிலும் அதே புத்திதான். அம்மா வாயைத் திறந்தால், "சுருக்கமா சொல்லும்மா" என்பாள். அம்மா லேசுப்பட்டவளா? டேப்லெட்டைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்து, பதினோரு நிமிஷம் பேசிப் பதிவு செய்துவிட்டாள். மகள் அதை அலுவலகத்தின் சோதனைப் பக்கத்தில், தனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிகிற மாதிரி ஏற்றினாள். நாற்பது நொடி பார்த்தாள். போன் வந்தது; எழுந்து போய்விட்டாள்.

"எப்படிடி இருந்துச்சு?"

"சூப்பர்மா. முழுசா பார்த்தேன்."

அம்மா டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். பார்வையாளர் ஒருவர், நாற்பது நொடி. "கோடு பொய் சொல்லாதுன்னு நீதானே சொல்லுவே?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மகளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏழே மாதத்தில் அம்மா போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பியவள், இரண்டாம் நாள் சோதனைப் பக்கத்தைத் திறந்தாள். அந்த வீடியோவை யாரோ பார்த்திருந்தார்கள். நேற்று மதியம் மூன்று பத்துக்கு, அம்மாவின் டேப்லெட்டிலிருந்து, பதினோரு நிமிஷமும். கோடு துளிகூடச் சரியவில்லை.

வீட்டில் அவளைத் தவிர ஆளில்லை. சாவி அவள் கைப்பையில். டேப்லெட்டோ சார்ஜ் தீர்ந்து அலமாரியில் கிடந்தது. மறுநாளும் அதே மூன்று பத்து. ஆனால் பத்து நிமிஷம்தான். அதற்கடுத்த நாள் ஒன்பது. பிறகு எட்டு. பார்க்கிறவருக்கு அலுத்துக்கொண்டு வருகிறது என்று அவளுக்கா தெரியாது? பக்கத்து மேஜை எடிட்டரிடம் காட்டினாள்.

"ஏதோ சிஸ்டம் கோளாறுக்கா. அழிச்சிட்டுப் போங்க."

அழிக்கக் கை வரவில்லை. ஒரே நிமிஷம் என்று வந்த நாளில் அவள் கணக்குப் போட்டாள். நாளையோடு அந்த ஆளும் போய்விட்டால், அம்மா சொன்னதைக் கேட்க உலகத்தில் ஒருவரும் இல்லை, கேட்காமல் எழுந்து போன அவளைத் தவிர.

மறுநாள் அரை நாள் லீவு. சமையலறையில் உட்கார்ந்து, சரியாக மூன்று பத்துக்குத் தன் செல்போனில் வீடியோவைப் போட்டாள். ஓரத்தில் எண் வந்தது: இப்போது பார்ப்பவர்கள், 2.

அலமாரி அவளுக்குப் பின்னால்தான் இருந்தது. அவள் திரும்பவில்லை. நாற்பதாவது நொடி வந்தது, போனது. ஒரு நிமிஷமும் தாண்டியது. எண் அப்படியே நின்றது. தான் எழுந்திருக்காதவரை அதுவும் எழுந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மா, மகளுக்கு ஆறு வயதில் காய்ச்சல் கண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கண்ணை எடுத்தா நீ போயிடுவியோன்னு பயம். மூணு நாளு உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்டி." மகள் வாய்விட்டு அழுதாள். அழுதபடியே பார்த்தாள்.

கடைசி நொடியில் அம்மா கேமராவை நோக்கிக் குனிந்தாள். "முழுசா கேட்டுட்டே இல்ல? அது போதும்."

எண் 1 ஆனது.

அவள் மெல்லத் திரும்பினாள். டேப்லெட் இருண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.