என்னைப் பார்க்க வந்த கோச்

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு சொஜ்ஜி, பஜ்ஜி செய்வார்கள். பாஸ்கெட்பால் கோச் பார்க்க வந்தாலும் அதேதான் என்று அம்மா முடிவு பண்ணிவிட்டாள்.

எழுபதுகளின் நடுவில், கனடாவில், மொன்றியலை ஒட்டிய சென்ட் லோரன்ட்டில் எங்களுக்கு வாடகை ஃப்ளாட். அப்பா விமானத் தொழிற்சாலையில் இன்ஜினியர். எல்லை தாண்டி, அமெரிக்காவில் ஒரு கல்லூரி என்னை டீமுக்குக் கூப்பிட்டது. ஆடினால் படிப்பும் ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசம். பெண்களுக்கு அங்கேயே அது புதுசு. மொன்றியலில் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குத் தகுதி இருந்ததா என்றால், சந்தேகமே வேண்டாம். என் தலைக்கு மேலே கை நீட்டிப் பந்தைப் பிடுங்க எங்கள் ஸ்கூலில் ஒருத்தியும் கிடையாது.

அப்பாவுக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. "ஸ்காலர்ஷிப்னா மார்க்குக்குக் குடுக்கறது. குதிக்கறதுக்கெல்லாமா குடுப்பான்?"

"மார்க்கும்தான் வாங்கறேன். அது கண்ணுல படலையா?"

அந்தக் கோச்சிடம் பேசிவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றார். எனக்கோ போயே ஆகவேண்டும்.

சனிக்கிழமை பனியில் காரோட்டிக்கொண்டு வந்தார் கோச், கட்டுமஸ்தான ஒரு பெண்மணி. நான் பட்டுப்புடவையில் சோபா ஓரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு கத்தியும் அம்மா விடவில்லையே! கோச் உருளைக்கிழங்கு பஜ்ஜியை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "இப்போது இவள் உயரம் எவ்வளவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அஞ்சடி அஞ்சு அங்குலம்," என்றாள் அம்மா, எனக்கு முந்திக்கொண்டு.

மெட்ராஸில் வரன் பேசும்போதெல்லாம் 'பொண்ணு இவ்வளவு உயரமா?' என்று இழுத்தார்கள். அதிலிருந்து என் உயரத்தைக் குறைத்துச் சொல்லியே அம்மாவுக்குப் பழகிப்போயிருந்தது.

கோச் திகைத்துப்போனார். "நான் இவள் ஆடிப் பார்த்திருக்கிறேனே. இன்னும் உயரமாகத் தெரிந்தாளே?"

"அது ஷூ," என்றாள் அம்மா, கொஞ்சமும் அசராமல்.

இதற்கு மேல் பொறுக்க முடியுமா? கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு விருட்டென்று எழுந்தேன். "அஞ்சடி பத்து. வெறுங்காலோட." எம்பி, உள்ளங்கையால் கூரையை ஒரு தட்டு தட்டினேன். கோச் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா என்னை முறைத்த முறைப்பில் பஜ்ஜி இன்னொரு தடவை பொரிந்திருக்கும்.

அப்பா சிரிக்கவில்லை. "ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்," என்றார் கோச்சிடம். "இவள் கால் உடைந்தால்?"

கோச்சும் சிரிப்பை நிறுத்தினார். "அந்த வருஷம் முழுக்கக் கொடுப்போம். அடுத்த வருஷத்துக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இந்தக் கோச் ஒரு சின்னப் பொய் சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

அப்பா அம்மாவைப் பார்த்தார். "பாத்தியா? இவங்க குறைச்சும் சொல்லல, கூட்டியும் சொல்லல." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "கால் நல்லா இருக்கற வரைக்கும் அவங்க பாத்துப்பாங்க. உடைஞ்சா நான் இருக்கேன். போய் ஆடு."

நான் சொன்னேன்: "உடையாதுப்பா."