கண்டக்டர் தாண்டிப்போன வரி

பணி ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ்ஸின் கடைசி இருக்கைக்கும் எட்டுகிற தொண்டை அவருக்கு. வீட்டில் தண்ணீர் கேட்டாலே மாடி வரை கேட்கும்.

அவர் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைத்தவள். தினமும் காலையில் மெஷினில் உட்காருமுன் வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பாள். வரிசையாக, எதையும் விடாமல். கண்டக்டர் அந்த நேரத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதோடு தன் பங்கு முடிந்தது என்பது அவர் எண்ணம்.

பிறகு அவளுக்குக் கண்ணழுத்த நோய் வந்தது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு ஊசியே தெரியவில்லை. ஆபரேஷனும் கைகொடுக்கவில்லை.

மகள் வந்து, போனே வேதத்தை வாசித்துக் காட்டும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் படிக்குது. ஆனா மூச்சே விட மாட்டேங்குது. நில்லுன்னா நிக்க மாட்டேங்குது. ஏங்க, நீங்க படிங்களேன்."

"நானா? எனக்கு ஸ்டாப் பேரைக் கத்தத்தான் தெரியும்."

"அப்படியே கத்துங்க. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். சொன்னபடியே கத்தினார். தகப்பன், மகன், பேரன் என்று பெயர்கள் வரிசை கட்டி வந்தால் அவருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இரண்டு பெயரை விழுங்கிவிட்டு நைசாக அடுத்த வரிக்கு நழுவுவார்.

"ஏங்க, ரெண்டு பேரை வழியிலேயே இறக்கி விட்டுட்டீங்க" என்பாள். முணுமுணுத்துக்கொண்டே திரும்பப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு வருவார்.

ஒரு நாள், வயதான தகப்பன் மகனை ஆசீர்வதிக்கிற அதிகாரம். கண்டக்டர் முதல் வரியைக் கண்ணால் ஓட்டிப் பார்த்தார். அந்தக் கிழவருக்குப் பார்வை மங்கிவிட்டது என்றிருந்தது. வயதாகிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டு, மகனைக் கூப்பிட்ட இடத்துக்குத் தாவினார்.

அவள் கையைத் தூக்கினாள். "கண்ணு மங்கிப்போச்சுன்னு வருமே. அது எங்க?"

"இந்தப் புத்தகத்துல அச்சு சரியில்ல."

"ஏங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு விட்டேன்."

"கஷ்டமா இருந்தா அழுதுட்டுப் போறேன். எனக்காக நீங்க ஒரு வரியை எடுப்பீங்க, உங்களுக்காக நான் ஒண்ணை எடுப்பேன். கடைசியில நம்ம பேச்சுதான் மிஞ்சும். இது நம்மகிட்ட நம்பிக் குடுத்து வச்சது. வந்தபடியே குடுங்க."

அவருக்குக் காது சூடாயிற்று. வேலை பார்த்த காலத்தில், எவ்வளவு கூட்டமானாலும் பயணி கேட்ட இடத்தில் இறக்கி விட்டாரே தவிர, தனக்கு வசதியான இடத்தில் யாரையும் இறக்கியதில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து, அந்தச் சொற்களோடு வாசித்தார். அன்று அவர் குரல் அந்த அறையைத் தாண்டவில்லை. அவள் அழுதாள். இளைய மகன் கையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு தகப்பனிடம் அண்ணனாக நடிக்கிற இடம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்களால இப்படி ஏமாத்த முடியாதுங்க. வாயைத் திறந்தாலே மாட்டிக்குவீங்க."

அதற்குப் பிறகு அவர் ஒரு பெயரைக்கூட விழுங்கவில்லை. புரியாத இடத்தில் "புரியல" என்று சொல்லிவிட்டு வாசித்தார். தானாக ஒரு விளக்கம் ஒட்டவில்லை.

அடுத்த வாரம் மழையில் நனைந்து அவருக்குச் சளி பிடித்தது. பாதி அதிகாரத்திலேயே இருமல் வந்து, குரல் சுத்தமாகப் போய்விட்டது. இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டினார்கள். மேல்வீட்டுப் பெண். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை அவளுக்கு. படிக்கட்டில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான் பழக்கம். கையில் ஈரத்துணி வாளி.

"மாமா, என்ன ரெண்டு நாளா சத்தமே இல்ல? அண்ணனுங்க சேர்ந்து அந்தத் தம்பியைக் குழியில தள்ளுனாங்களே, வெளிய வந்தானா இல்லையா? எனக்கு வேலையே ஓடல."

கண்டக்டர் பரிதாபமாகத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"இதெல்லாம் நீ எங்கம்மா கேட்ட?" என்றாள் மனைவி.

"துணி காயப்போடுறப்ப அத்தை. உங்க ஜன்னல் நேர் கீழதானே? இதுக்காகவே தினமும் எதையாவது துவைக்கிறேன்."

மனைவி குலுங்கிச் சிரித்தாள். "அப்ப நீயே படிச்சுச் சொல்லு."

அந்தப் பெண் வாளியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து வாசித்தாள். கண்டக்டர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வாரமும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தார். வாசிப்பவளுக்கு ஒரு சொல் முன்னாலேயே அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

முடிந்ததும் மனைவி, "இன்னைக்கு ஜெபம் நீங்க பண்ணுங்க" என்றாள். எப்போதும் அவள்தான் செய்வாள்.

கண்டக்டர் கரகரத்த குரலில் சொன்னார்: "ஆண்டவரே, இவ கண்ணைக் கேட்டேன். நீங்க தரல. அதை இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். ஆனா உங்க புத்தகத்தை என் கையில குடுத்தீங்க. இவளை என் பக்கத்துல வச்சிருக்கீங்க. ரொம்ப நன்றி."

மனைவி "ஆமென்" என்றாள்.

மேல்வீட்டுப் பெண் புத்தகத்தை மூடவில்லை. "அத்தை, இன்னும் ஒரு அதிகாரம் படிக்கட்டுமா?" என்று கேட்டாள்.