பெரகலையில் கேட்ட ‘என்ன’

மார்கழி கடைசியில் ஒரு விடியற்காலை, பதுளைக் கடைத்தெருவிலிருந்து புறப்பட்டோம். கூண்டு மாட்டுவண்டி, பெரகலைக்கு வாடகை பத்து ரூபாய். திருச்சியில் இந்தப் பணத்துக்குப் பாதி மாடு வாங்கிவிடலாம் என்று முணுமுணுத்தேன். வண்டிக்காரர் முனியாண்டிக்குப் பாம்புக் காது.

"வாங்கிருவீங்க ஐயா. பாதி மாடு இந்த மலை ஏறுமா?" என்றார்.

வண்டிக்குள் என் தங்கை செல்லம்மாள். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவள். ஐப்பசியில் கைக்குழந்தை காய்ச்சலில் போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காலித் தூளியை ஆட்டியபடியே இருப்பாள். உடுக்கடித்துப் பேய் விரட்டிப் பார்த்தும் பலனில்லை. தை முடிவதற்குள் தெளியாவிட்டால் கொழும்புப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டியதுதான் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு லீவும் கொடுக்கவில்லை. சேதி கேட்டு ஊரிலிருந்து கப்பலேறி வந்த நான்தான் அவளைச் சிங்கள ஆயுர்வேத வைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போகிறேன்.

பண்டாரவளை ஏறத்தாழ இருபது மைல். அங்கே இரவு தங்கினோம். குளிரில் என் பல் தந்தியடித்தது. மறுநாள் அப்புத்தளையைத் தாண்டி இறங்கும்போது, மேகம் விலகித் தெற்கே சமவெளி முழுவதும் தெரிந்தது. "பாரம்மா" என்றேன். அவள் திரும்பவில்லை.

பெரகலைச் சந்தியில் நாலைந்து கடைகள். அவற்றுக்குக் கீழே வைத்தியர் வீடு. எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தவர் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, செல்லம்மாளைப் பார்த்து, "என்ன, என்ன" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு நாள் வண்டியில் குலுங்கி வந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? சூடாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் தங்கை பேசிவிட்டாள்.

"புள்ளை போயிருச்சுங்க. பால் கட்டிக்கிட்டு மாரு வலிச்சுச்சு. புள்ளையே இல்லாதப்ப அந்த வலிய யாருகிட்டங்க சொல்றது?"

வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அவள் பேசினாள், அழுதாள், மறுபடி பேசினாள். அவர் குறுக்கிடவே இல்லை. உள்ளே எண்ணெய் தீய்ந்தது.

முனியாண்டி என் காதருகே வந்து, "சிங்களத்துல ‘என்ன’ன்னா ‘வாங்க’ன்னு அர்த்தம் ஐயா. உள்ள வாங்கன்னுதான் கூப்புட்டாரு!" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

முனியாண்டி விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னதும் வைத்தியரும் சிரித்தார். ஆனால் அந்த ‘என்ன’வை விடவில்லை. மூன்று வாரம் அங்கே தங்கினோம். தலைக்கு எண்ணெய், குடிக்க மருந்து நெய், வல்லாரைக் கஞ்சி. தினமும் எண்ணெயைத் தொடுமுன் செல்லம்மாள் எதிரில் உட்கார்ந்து, சுத்தத் தமிழில் "என்ன?" என்பார். முதலில் குழந்தையைப் பற்றியே சொன்னாள். பிறகு ஒரு நாள், "கஞ்சியில உப்பு இல்லீங்க" என்றாள். சந்திக்கு ஓடிப்போய்ச் சீனி வாங்கி, எதிர்ப்பட்டவர் வாயிலெல்லாம் போட்டேன்!

நமுனுகுலத்துக்குத் திரும்பியபோது, மாப்பிள்ளை வாசலில் அவளைப் பார்த்தபடி நின்றார். செல்லம்மாள் வண்டியிலிருந்து இறங்கி நேரே அவரிடம் போனாள்.

"என்ன?" என்று கேட்டாள்.

அத்தனை மாதமாக அவரிடமும் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. மனிதர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார்.

"உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள் என் தங்கை.

தை முடிந்தது. கொழும்புக்கு நான் மட்டும் போனேன், கப்பல் பிடிக்க.