பல்லிக் கட்டுரையில் நான் வெட்டிய பத்தி

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பிள்ளைகளுக்கான அறிவியல் மாத இதழ் ஒன்றில், பல்லிக்கு விஷம் கிடையாது என்று எழுதினேன். மேலே பல்லி விழுந்தால் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வரும் ஊரில் அதை எழுதவே எனக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு இதழை அரிசி டிரம் மேல் வைத்துக்கொண்டாள். அறுந்த பிறகும் துடிக்கிற வாலைப் பற்றிய கடைசிப் பத்தி அவளுக்கு மனப்பாடம்.

ஒரு ஞாயிறு மாலை நான் வீடு திரும்பியதும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பக்கத்து வீட்டு அண்ணி மூடாமல் வைத்திருந்த சாம்பாரில் பல்லி கிடந்ததாம். அதற்குள் பிள்ளைகள் இரண்டும் சாப்பிட்டுவிட்டன. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழ, பிள்ளைகள் பயத்திலேயே அழுது வாந்தி எடுக்க, அம்மா இதழோடு போயிருக்கிறாள்.

"உம் புள்ள எழுதிட்டா அது பல்லிக்குத் தெரியுமா அத்த?" என்று கேட்டாராம் அண்ணி.

அம்மா அதே சாம்பாரை ஒரு டம்ளர் மொண்டு எல்லார் எதிரிலும் குடித்துவிட்டாள். பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டார்களாம்.

விஷம் இல்லை, ஆனால் பல்லியின் உடம்பில் நோய்க்கிருமிகள் இருக்கும், அது விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டும் என்றும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். இடமில்லை, குறைத்துக் கொடுங்கள் என்று ஆசிரியர் கேட்டபோது நானே அதை எடுத்தேன். வால் பத்தியை எடுக்க மனம் வரவில்லை.

உடனே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் மறுபடி பயப்படுவார்கள் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சர்க்கரை வேறு.

காலையில் நாலாவது முறையாக பாத்ரூம் போய் வந்தவள் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"டாக்டராண்ட பல்லின்னு சொல்லாதப்பா. நீ எழுதனது பொய்யின்னு ஆயிடும். பலாப்பழம் துன்னேன்னு சொல்லிக்கலாம்."

நான் பல்லி என்றே சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, வேறு யார் சாப்பிட்டது என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நேற்றிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். வராந்தாவுக்கு ஓடி அண்ணிக்குப் போன் செய்தேன். சின்னவனுக்கு விடிந்ததிலிருந்து காய்ச்சல் என்றார்.

"ஒண்ணும் ஆவாதுன்னு உங்க அம்மா குடிச்சிக் காட்டனாங்களேப்பா."

அவர் குரலில் கோபமே இல்லை. அவனை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரச் சொன்னேன்.

சின்னவனும் அம்மாவும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார்கள். அடுத்த இதழில் அந்தப் பத்தி வந்தது. முதலில் அண்ணி வீட்டு வாசலில் நின்று வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு அம்மாவுக்கு வாசித்தேன். முழுக்கக் கேட்டாள்.

"வாலு துடிக்கறது இதுல இல்லியாப்பா?"

இல்லை என்றேன்.